விளங்காத பாடத்தை வாசிப்பது எப்படி: வன்னியில் கம்பஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சரி, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களுக்குப் போனாலும் சரி, முதல் செமஸ்டரில் நடக்கிற கூத்து ஒன்றுதான். ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்து, பாஸ் பேப்பர் செய்து செய்து இசட் ஸ்கோர் எடுத்து வந்த பிள்ளையின் கையில், இரண்டாம் கிழமையே நாற்பது பக்க ஆங்கில அத்தியாயம் ஒன்று வந்து விழும். "வாசிச்சிட்டு வாங்கோ" என்பார்கள். எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை முதல் வரியில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் முட்டி நின்று, பிறகு சீனியரின் நோட்ஸைப் போட்டோக்கொப்பி அடிக்கப் போகும்.

நோட்ஸ் சோதனைக்குக் காணும். இறுதி ஆண்டில் சொந்தமாக ஆய்வு செய்ய வேண்டி வரும்போது காணாது. அங்கே நீங்கள் எடுத்த தலைப்புக்கு எந்தச் சீனியரும் நோட்ஸ் வைத்திருக்க மாட்டார்.

விளங்கவில்லை என்றால் "இன்னும் ஒருக்கா வாசி" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஏன் விளங்கவில்லை என்று பார்க்காமல் திரும்ப வாசிப்பதில் பெரிய பயன் இல்லை. மொழி முட்டுகிறதா, முன்னறிவு போதாதா, வசனம் சிக்கலா, கணக்கா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாலுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

முதல் வேலை: கையில் இருப்பது என்ன வகை?

லெக்சர் ஸ்லைடை வாசித்து விளங்கவில்லை என்று மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள். அது வாசிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. லெக்சரர் பேசியதன் தலைப்புகள் மட்டும்தான் அதில் இருக்கும், பேச்சு இருக்காது. ஸ்லைடின் கடைசியில் கொடுத்திருக்கும் நூலின் அத்தியாயத்துக்குப் போங்கள்.

பாடநூல் அத்தியாயம் என்றால் அது முன் அத்தியாயங்களின் மேல் கட்டப்பட்டது. ஏழாம் அத்தியாயம் விளங்காததற்குக் காரணம் பெரும்பாலும் நாலாம் அத்தியாயத்தில்தான் இருக்கும். ஆய்வுக் கட்டுரை வேறு சாதி: சுருக்கம், அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்று பெட்டி பெட்டியாக இருக்கும், எந்தப் பெட்டியையும் முதலில் திறக்கலாம். முகாமைத்துவம், சமூகவியல் போன்ற பாடங்களில் வரும் கோட்பாட்டுக் கட்டுரைகள் யாரோ ஒருவருடன் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். யாரோடு சண்டை என்று தெரியாமல் வாசித்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற தொலைபேசிக் கதைதான்.

இரண்டாம் வேலை: எங்கே முட்டுகிறது?

முட்டுகிற இடத்தில் ஏறத்தாழ 100 சொல் கொண்ட ஒரு பந்தியை எடுங்கள். தெரியாத சொற்களின் கீழே பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கதைப்பகுதியை வைத்துச் செய்த ஆய்வில், அகராதி உதவியில்லாமல் வசதியாக விளங்க 98 வீதமான சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பந்தியில் 10 கோடு விழுந்தால் மூளையில் பிழையில்லை, மொழிதான் முட்டுகிறது. இரண்டு கோடுதான் விழுந்தது, ஆனாலும் ஒன்றும் ஏறவில்லை என்றால் மொழி குற்றவாளியல்ல. வேறு இடத்தில் தேடுங்கள்.

மொழிதான் முட்டுகிறது என்றால் கோடு போட்ட சொற்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பாடத்துக்கே உரிய கலைச்சொல். இதில் பாதி உங்களுக்கு ஏ.எல். தமிழில் ஏற்கெனவே தெரியும். ஆங்கிலச் சட்டை போட்டு வந்திருப்பதால் அடையாளம் தெரியவில்லை. கொப்பியின் பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல், அதன் ஏ.எல். தமிழ்ச் சொல், ஒரு வரி விளக்கம் என்று மூன்று நிரல் போட்டுச் சேர்த்து வாருங்கள். மற்றது எல்லாப் பாடத்திலும் வருகிற படிப்புச் சொற்கள்: அசியூம், டெரைவ், இம்ப்ளை, வெயராஸ், நெவர்தலெஸ் மாதிரி. பிள்ளைகள் கலைச்சொல்லுக்குப் பயந்து, உண்மையில் விழுவது இந்த இரண்டாம் வகையில்தான். நியூசிலாந்தில் எவரில் கொக்ஸ்ஹெட் என்பவர் 2000ஆம் ஆண்டில் இப்படியான 570 சொற்குடும்பங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தப் பட்டியல் சொற்கள்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாளுக்குப் பத்து என்று பார்த்தால் ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும். வேறு எந்த இங்கிலிஷ் கோர்சுக்கும் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வாசிக்கும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் போனைத் தூக்காதீர்கள். பந்தி முடியும் வரைக்கும் பொறுத்தால் பாதிச் சொற்களின் பொருள் தானாகத் தெரியவரும். முழுப் பக்கத்தையும் மொழிபெயர்ப்புச் செயலிக்குள் கொட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். "இருக்கலாம்" என்பது "இருக்கிறது" ஆகிவிட்டால் அறிவியல் கட்டுரை வதந்தியாகிவிடும்.

முன்னறிவு போதாதது வேறு கதை. "தண்ணி மட்டம் காணாது, இந்தமுறை சிறுபோகம் அரைப்பங்குதான், துருசு திறக்கிற திகதியைக் கூட்டத்தில சொல்லுவினம்." இதில் கஷ்டமான சொல் ஒன்றும் இல்லை. இரணைமடுவுக்குக் கீழே வயல் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு நிமிடக் கதை: எந்தக் குளம், என்ன கூட்டம், எதில் பாதி, யாருக்கு இந்தமுறை விதைப்பு இல்லை என்று எல்லாம் தெரியும். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும், சங்கதி தெரியாது. பாடநூலுக்கு முன்னால் நீங்கள் பல இடங்களில் அந்தக் கொழும்புப் பிள்ளையின் நிலையில்தான் நிற்கிறீர்கள். பிரான்ஸ்போர்ட், ஜோன்சன் என்ற உளவியலாளர்கள் 1972இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உடுப்புத் தோய்ப்பதைப் பற்றிய ஒரு பந்தியைத் தலைப்புச் சொல்லாமல் வாசித்துக் காட்டியபோது கேட்டவர்களுக்கு அது பெரிதாக விளங்கவுமில்லை, நினைவில் நிற்கவுமில்லை. எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்கு இரண்டுமே கூடியது. பிறகு சொன்னது உதவவில்லை.

இதற்கு வைத்தியம், கஷ்டமான நூலை வைத்துவிட்டு அதே விடயத்தை இலகுவான இடத்தில் அரைமணித்தியாலம் வாசிப்பது. எங்களுக்கு நல்ல வசதி ஒன்று உண்டு: தேசிய கல்வி நிறுவகத்தின் 12, 13ஆம் தர வளநூல்கள் தமிழில் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. உயிரியல், இரசாயனம், பொருளியல், கணக்கீடு எதுவானாலும் முதலாம் ஆண்டுப் பாடத்தில் பெரும்பகுதிக்கு அத்திவாரம் அதற்குள் உண்டு. நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ் அறிவியல் நூல்களும் சஞ்சிகைகளும் கிடைக்கும். "கம்பஸ் வந்தும் ஏ.எல். புத்தகமோ" என்று ரூம்மேட் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாம் வேலை: மேலோட்டமாக ஒரு சுற்று

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் கேஷவ் 2007இல் தன் மாணவர்களுக்காக மூன்று சுற்று வாசிப்பு முறையொன்றை எழுதினார். முதற்சுற்று 5 முதல் 10 நிமிடம், இரண்டாம் சுற்று ஒரு மணித்தியாலம் வரை. மூன்றாம் சுற்றுக்கு, தொடக்கநிலையில் இருப்பவருக்கு 4 அல்லது 5 மணித்தியாலம் என்று போட்டார். பட்டப்பின் மாணவருக்கே ஒரு கட்டுரைக்கு இவ்வளவு. அப்படியிருக்க, உங்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் முடியவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

முதற்சுற்றில் தலைப்பு, சுருக்கம், உபதலைப்புகள், படங்கள், முடிவுரை ஆகியவற்றை மட்டும் பாருங்கள். இடையில் ஒரு வரியும் வேண்டாம். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் இதற்குக் காணும். முடிந்ததும் மூன்று கேள்விக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள்: எதைக் கேட்டிருக்கிறார்கள், எப்படித் தேடியிருக்கிறார்கள், என்ன கண்டிருக்கிறார்கள். எழுத முடியாவிட்டால் முன்னறிவுப் பிரச்சினை. மேலே சொன்ன இடத்துக்குத் திரும்புங்கள்.

வரைபுகளில் ஒரு பழக்கம் வைத்திருங்கள். கீழே எழுதியிருக்கிற விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு, கிடை அச்சில் என்ன, நிலை அச்சில் என்ன, அலகு என்ன, கோடு எங்கே திரும்புகிறது என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள்.

நாலாம் வேலை: சிக்கலான வசனத்தைப் பிரிப்பது

இங்கேதான் நேரம் போகும், போகவும் வேண்டும். பயிற்சிக்காக ஆய்வுக் கட்டுரைப் பாணியில் நான் கட்டிய ஒரு வசனத்தை எடுப்போம். எங்கள் பக்கத்துக்குப் பழக்கமான விடயம்: வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் ஆட்களை வாட்டுகிற, காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய்.

"ஆழங்குறைந்த கிணறுகளின் குடிநீர்க் கடினத்தன்மைக்கும் சிறுநீரகத் தொழிற்பாட்டுக் குறைவுக்கும் இடையே, வயது, புகைத்தல், தொழில் ஆகியவற்றுக்குச் சீராக்கிய பின்னரும், குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டபோதும், இது ஒரு குறுக்குவெட்டு ஆய்வாகையால் காரணகாரியத் தொடர்பை இதிலிருந்து உய்த்தறிய இயலாது."

முதலில் எலும்பை மட்டும் எடுங்கள். தமிழில் வினை கடைசியில் இருக்கும்; ஆங்கிலத்தில் எழுவாயைத் தேடிப் பிடித்து அதற்கடுத்த வினையைப் பிடியுங்கள். எப்படியும் கிடைப்பது இவ்வளவுதான்: தொடர்பு இருக்கு, ஆனால் அதுதான் காரணம் என்று சொல்லேலாது.

இனி ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். "சீராக்கிய பின்னரும்" என்றால், வயது போனவர்கள், புகைப்பவர்கள், வெயிலில் வேலை செய்பவர்கள் கடின நீர் குடிக்கிற இடங்களில் கூடுதலாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகத்தைக் கணக்கில் எடுத்து, அந்த விளைவைப் புள்ளிவிபரவியல் முறையில் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். கழித்த பிறகும் தொடர்பு நின்றது. ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றை, உதாரணமாக வயலில் அடிக்கிற மருந்தை, அவர்கள் கழிக்கவில்லை. அதை நீங்கள் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். அது உங்கள் ஆய்வுக்கே தலைப்பாகலாம்.

"குறிப்பிடத்தக்க" என்ற சொல் பேச்சுத் தமிழில் "பெரிய" என்று கேட்கும். இங்கே அப்படியில்லை. உண்மையில் தொடர்பே இல்லாதிருந்தால் இவ்வளவு அல்லது இதைவிடக் கூடிய வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய நிகழ்தகவு சிறிது, வழக்கமாக 0.05ஐ விடக் குறைவு, என்பதுதான் பொருள். மாதிரி பெரிதாக இருந்தால் மிகச் சிறிய தொடர்பும் "குறிப்பிடத்தக்கது" ஆகும். எவ்வளவு பெரியது என்று அறிய அட்டவணைக்குப் போக வேண்டும்.

"குறுக்குவெட்டு" என்றால் தண்ணியையும் சிறுநீரகத்தையும் ஒரே காலத்தில் அளந்தார்கள், ஆண்டுக்கணக்கில் பின்தொடரவில்லை. எது முந்தியது என்று அதில் தெரியாது. நோய் வந்தபின் ஒருவர் கிணற்றை விட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணிக்கு மாறியிருந்தால் கணக்கே தலைகீழாகும். ஆகவே இந்த வசனத்தை வாசித்துவிட்டு அசைன்மென்டில் "கடின நீரே நோய்க்குக் காரணம் என நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் அது வாசிக்காததற்குச் சமம்.

ஒரு வசனத்துக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எல்லா வசனத்துக்கும் இல்லை. ஒரு கட்டுரையில் இப்படிப் பிரிக்க வேண்டிய வசனங்கள் சுருக்கத்திலும் கலந்துரையாடலின் தொடக்கத்திலும் ஒரு சிலதான் இருக்கும். மிச்சத்தை வேகமாகத் தாண்டலாம்.

ஐந்தாம் வேலை: கணக்கு வந்தால் பேனை எடுங்கள்

சமன்பாட்டைக் கண்ணால் வாசித்துக்கொண்டு போவது வாசிப்பே இல்லை. விவசாய, பொறியியல் மாணவர்கள் பலரும் சந்திக்கிற ஒன்றைப் பார்ப்போம். சிறிய நீரேந்து பரப்பில் மழை பெய்து வழிந்தோடும் நீரின் உச்ச அளவைக் கணிக்கும் சூத்திரம்: வழிந்தோடற் குணகத்தை (விழுந்த மழையில் வழிந்தோடும் பங்கை) மழைச்செறிவால் பெருக்கி, அதைப் பரப்பால் பெருக்கி, 360ஆல் பிரிக்க வேண்டும். மழைச்செறிவு மணிக்கு மில்லிமீற்றரில், பரப்பு ஹெக்டேயரில், விடை செக்கனுக்குக் கனமீற்றரில்.

அந்த 360 எங்கிருந்து வந்தது? பாடமாக்கினவருக்குத் தெரியாது. ஒரு ஹெக்டேயர் 10,000 சதுர மீற்றர். அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10 கனமீற்றர் நீர். அது ஒரு மணித்தியாலத்தில், அதாவது 3,600 செக்கனில் விழுகிறது. 10ஐ 3,600ஆல் பிரித்தால் 360இல் ஒன்று. அவ்வளவுதான், அலகு மாற்றம். இனி எண் போட்டுப் பாருங்கள்: 10 ஹெக்டேயர், மணிக்கு 36 மில்லிமீற்றர், விழுந்ததெல்லாம் வழிந்தோடுகிறது என்று குணகம் 1. விடை செக்கனுக்குச் சரியாக ஒரு கனமீற்றர், 1,000 லீற்றர். குணகத்தை 0.3 ஆக்கினால் 300 லீற்றர். மிச்சம் மண்ணுக்குள் இறங்கியும் பள்ளங்களில் தேங்கியும் போகிறது. இப்போது காட்டை வெட்டினால் குணகம் ஏன் கூடும் என்று லெக்சரர் கேட்டால் சூத்திரத்தைப் பாடமாக்காமலே விடை வரும்.

எந்தச் சமன்பாட்டுக்கும் இதேதான்: ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெயரும் அலகும் எழுதுங்கள், இலகுவான எண் போடுங்கள், ஒன்றைக் கூட்டினால் விடை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், ஒன்றைச் சைபராக்கினால் விடை நியாயமாக வருகிறதா என்று பாருங்கள்.

ஆறாம் வேலை: மூடிவிட்டு எழுதுவது

ஹைலைட்டரில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கம் மஞ்சளாகும், அவ்வளவுதான். டன்லொஸ்கியும் சகாக்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்து, கோடிடுவதையும் திரும்ப வாசிப்பதையும் பயன் குறைந்தவை என்றும், தன்னைத்தானே சோதிப்பதையும் இடைவெளி விட்டுப் படிப்பதையும் பயன் கூடியவை என்றும் வகுத்தார்கள்.

ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையின் எண்கள் இன்னும் தெளிவு. ஒரு குழு ஒரு பகுதியை நாலு தரம் படித்தது. இன்னொரு குழு ஒரு தரம் படித்து, மூன்று தரம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தரம் படித்தவர்கள் 83 வீதம், மற்றவர்கள் 71 வீதம். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதத்தில் நின்றார்கள். சோதனைக்கு முதல் இரவு நோட்ஸை நாலு தரம் புரட்டிவிட்டு "எல்லாம் ஏறிட்டுது" என்று படுக்கிற தெம்பு எங்கிருந்து வருகிறது, பிறகு எங்கே போகிறது என்று இந்த எண்களில் தெரியும்.

செய்முறை: ஒரு பிரிவு முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதைத் தமிழில் எழுதுங்கள், அல்லது அறையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். தடக்கின இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். பிறகு அதையே ஐந்து வரியில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஏனென்றால் சோதனை ஆங்கிலத்தில்தான். தமிழில் யோசிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கில ஐந்து வரியைத் தள்ளிப்போட்டால் சோதனை மண்டபத்தில் விடயம் தெரிந்தும் கை ஓடாது. இரண்டு நாள் கழித்து அதே தாளைப் பார்க்காமல் இன்னொருக்கா.

துணை தேடுவது

குப்பி வகுப்பு எங்கள் கம்பஸ்களின் பெரிய சொத்து. சீனியரோ பட்ச்மேட்டோ இலவசமாக, உங்கள் பாஷையில், முட்டுகிற இடம் தெரிந்து சொல்லித் தருவார். ஆனால் வாசிக்காமல் போய் இருந்தால் அதுவும் இன்னொரு லெக்சர்தான். குறைந்தது முதற்சுற்று முடித்து, தடக்கின இரண்டு இடத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டுரையைப் பிரித்து வாசிப்பதானால் முறைப் பகுதியை ஒருவருக்கு, பெறுபேற்றை இன்னொருவருக்கு என்று பிரிக்காதீர்கள். எல்லோரும் முழுதும் வாசித்து, விளக்குகிற பொறுப்பை மட்டும் பிரியுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் சுருக்கம் கேட்பதை விட, "இந்தப் பந்தியில் என்னைக் கேள்வி கேள்" என்று சொல்வது பயன். அது தரும் எண்களையும் மேற்கோள்களையும் பக்கத்தோடு ஒத்துப் பாராமல் எழுத வேண்டாம்.

லெக்சரரிடம் "சேர், இந்த அத்தியாயம் விளங்கேல்லை" என்று போனால் அவர் எங்கே தொடங்குவார்? "சேர், நாலாம் பக்கத்தில இரண்டாவது பந்தி. கடினத்தன்மை கூடக்கூட தொழிற்பாடு குறையுது எண்டு விளங்குது. ஆனா மூண்டாம் அட்டவணையில எதிர்மாறா இருக்கிற மாதிரிக் கிடக்கு. நான் அட்டவணையைப் பிழையா வாசிக்கிறேனோ?" இப்படிக் கேட்டால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். மெயிலிலும் இதே அமைப்புத்தான்: எந்த இடம், எதுவரை விளங்கியது, எங்கே முட்டியது.

கட்டுரையைப் பெறுவதும் நேரம் ஒதுக்குவதும்

கட்டுரைக்குக் காசு கேட்டால் கூகுள் ஸ்கொலரில் அதே தலைப்பின் கீழே இருக்கும் மற்றப் பிரதிகளைப் பாருங்கள்; ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசப் பிடிஎஃப் பல தடவை இருக்கும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இலவசம். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மெயில் போடலாம், பலர் அனுப்புவார்கள். கம்பஸ் வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் டேட்டா மிச்சம். நாலாம் வேலைக்குப் போன் திரை வேண்டாம். அந்த இரண்டு மூன்று பக்கத்தை மட்டும் அச்சடியுங்கள், செலவும் பெரிதில்லை, ஓரத்தில் எழுத இடமும் கிடைக்கும்.

பிரித்து வாசிக்கிற வேலையை விடியற்காலையில் வையுங்கள். வன்னி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குச் சிக்கலான வசனம் ஏறாது. அந்த நேரத்தைச் சொற்பட்டியலுக்கும் வரைபுக்கும் கொடுங்கள். அறுவடைக்கு வீட்டுக்குப் போகிற கிழமைகளில் புதிதாக ஒன்றையும் தொடங்காமல், ஏற்கெனவே மூடி எழுதிய தாள்களை மட்டும் திருப்புங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு கட்டுரை விளங்கவில்லையா? அதே விடயத்தை வேறொருவர் எழுதியதை எடுங்கள். மோசமாக எழுதுகிற பேராசிரியர்களும் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய கட்டுரைகளும் அச்சேறத்தான் செய்கின்றன.